விமானப் படிப்பும் பட்டறைப் பாடமும்

சென்னையின் மேற்குப் பக்கத்துத் தொழில் உலகத்துக்கு நடுவில் இருக்கும் ஊர் கரையான்சாவடி. வடக்கே போகும் சாலை ஆவடிக்கு. அங்கே 1965-இல் விஜயந்தா டாங்கியை வெளியிட்ட கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது. டாங்கிகளை வடிவமைக்கும் போர் வாகன ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது. வடகிழக்கே அம்பத்தூர் தொழிற்பேட்டையும், பிரேக்கும் சக்கரமும் போல்ட்டும் செய்யும் பாடி ஆலைகளும். மேற்கே பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்தால் திருமழிசை, இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் என்று வரிசையாகக் கார் ஆலைகளும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறைகளும். இந்த வட்டத்துக்குள்ளேயே பொறியியல் கல்லூரிகளும் நெருக்கமாக இருக்கின்றன. ஆண்டுதோறும் பிளஸ் டூ முடிவு வந்ததும் இப்பகுதி வீடுகளில் ஒரு கேள்வி எழும்: பையனோ பெண்ணோ விமானம் என்று ஆசைப்படுகிறது, ஏரோ எடுக்கலாமா, மெக் எடுக்கலாமா? இவ்விரண்டு பாடங்களையும் பல்கலைக்கழகத்தில் அருகருகே வைத்துப் படித்தவன் நான். அந்தப் படிப்பை இன்று திரும்பிப் பார்க்கும்போது இந்தக் கேள்வி பிழையாகக் கேட்கப்படுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. விமானப் பொறியியல் என்பது இயந்திரப் பொறியியலுக்குப் போட்டியாக நிற்கும் இன்னொரு படிப்பு அல்ல. அதன் மேல் கட்டப்பட்ட மாடி. கீழ்த்தளம் வலுவில்லாமல் மாடி நிற்காது. ஏரோ எடுத்தவரும் மெக்கானிக்கலை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். மெக் எடுத்தவர் விமானக் கனவை விட வேண்டியதில்லை. என் வாதம் இவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் இந்தப் படிப்புகள் வந்த வரிசையே இதைச் சொல்கிறது. கிண்டி பொறியியல் கல்லூரி 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. நூறு ஆண்டுகள் கழித்து, 1894-இல், அங்கே இயந்திரப் பொறியியல் வந்தது. விமானப் பொறியியல் வர மேலும் அரை நூற்றாண்டு ஆனது. 1949-இல் சி. ராஜம் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி.யை நிறுவியபோது, அன்று நாட்டில் அரிதாக இருந்த விமானம், மோட்டார் வாகனம், மின்னணுவியல், கருவியியல் ஆகிய பிரிவுகளை வைத்தார். அங்கே விமானப் பொறியியல் படித்த அப்துல் கலாம், தாழப் பறந்து தாக்கும் போர் விமானம் ஒன்றை வடிவமைத்த மாணவர் குழுவைப் பற்றித் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். காற்றியக்கம் அவர் பொறுப்பு. உந்துவிசை, கட்டமைப்பு, கட்டுப்பாடு, கருவிகள் ஆகியவை மற்றவர்கள் பொறுப்பு. இந்தப் பட்டியலை நிதானமாகப் பாருங்கள். உந்துவிசைக்கு வெப்ப இயக்கவியல் வேண்டும். கட்டமைப்புக்குப் பொருள்களின் வலிமையியல் வேண்டும். கட்டுப்பாட்டுக்கு இயந்திரங்களின் இயக்கவியலும் அதிர்வியலும் வேண்டும். காற்றியக்கமோ பாய்ம இயக்கவியலின் பிள்ளை. இந்த அடிப்படைப் பாடங்கள் அத்தனையும் மெக்கானிக்கல் மாணவனின் பாடத்திட்டத்தில் இருப்பவை. அந்தக் குழுவிடம் கடைசியில் அவர்களுடைய பேராசிரியர் கேட்டதும் ஒரு வரைபடத்தைத்தான்.

முதல் இரண்டு ஆண்டுகளில் இரு பிரிவினருக்கும் பாடம் ஏறக்குறைய ஒன்று என்பதைப் படித்தவர்கள் அறிவார்கள். கணக்கு, பொறியியல் வரைகலை, விசையியல், வெப்ப இயக்கவியல், பட்டறைப் பயிற்சி. விமானம் படிக்க வந்த மாணவர்களுக்கு அன்று பெரிய ஏமாற்றமாக இருந்தது பட்டறைதான். ஃபிட்டிங் ஷாப்பில் ஆளுக்கு ஓர் இரும்புத் துண்டைக் கொடுத்து, பெஞ்சு வைஸில் பிடித்து, அரத்தால் சமதளமாக ராவச் சொல்வார்கள். மட்டக்கோணத்தை அதன் மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால், கோணத்துக்கும் இரும்புக்கும் நடுவில் மெல்லிய ஒளிக்கீற்று தெரியும். அந்தக் கீற்று மறையும்வரை ராவ வேண்டும். ஒரு பக்கம் சரியானால் மறுபக்கம் சாயும். கை இரண்டும் கன்றிப்போகும். விமானம் படிக்க வந்தவனுக்கு இது எதற்கு என்ற முணுமுணுப்பு எல்லா வகுப்பிலும் உண்டு. அதற்கான விடை, அளவு என்பது தாளில் எழுதும் எண் அல்ல, பொருளின் மீது உழைத்து வாங்க வேண்டிய ஒன்று என்பது. வரைபடத்தில் 25 மில்லிமீட்டர் என்று எழுத ஒரு நொடி போதும். இரும்பில் அதைக் கொண்டுவருவது எவ்வளவு கடினம், எத்தனை நுண்மை வரை கேட்பது நியாயம், அதற்கு என்ன செலவாகும் என்ற மூன்றும் தெரியாதவர் வடிவமைப்பாளராக முடியாது.

அடுத்த பாடம் இழுவிசைச் சோதனை எந்திரத்தில். மெல்லிரும்புத் தண்டு ஒன்றை இரு பிடிகளுக்கு நடுவில் மாட்டி இழுப்பார்கள். முள் ஏறிக்கொண்டே போகும். ஓரிடத்தில் சுமை ஏறாமலே தண்டு நீளத் தொடங்கும். முள் தயங்கி நிற்கும். மறுபடி ஏறும். பிறகு தண்டின் நடுவில் இடை சிறுப்பது கண்ணுக்கே தெரியும். கடைசியில் ஒரு பெரிய சத்தத்தோடு அறுந்து, ஒரு முனை கிண்ணமாகவும் மறுமுனை கூம்பாகவும் வரும். தொட்டால் சுடும். அதே எந்திரத்தில் வார்ப்பிரும்பை வைத்தால் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பட்டென்று முறியும். எச்சரித்து முறியும் பொருள், எச்சரிக்காமல் முறியும் பொருள் என்ற வேறுபாடு அன்று கண்ணால் கண்டு பதிகிறது. விமானத்தின் இறக்கைக்கு எந்த உலோகம் என்று தீர்மானிக்க உட்காரும் நாளில், பாடப்புத்தகத்தின் வளைகோட்டைவிட அந்த முறிந்த முனைகள்தான் முதலில் நினைவுக்கு வரும்.

மூன்றாம் ஆண்டில் காற்றுச் சுரங்கத்துக்கு வரும்போதுதான் ஏரோ தனி வழி பிடிக்கிறது. சிறிய இறக்கை மாதிரி ஒன்றின் மேலும் கீழும் ஊசித்துளைகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மெல்லிய குழாய் வெளியே வந்து, வண்ண நீர் நிரம்பிய கண்ணாடிக் குழாய் வரிசையில் இணைந்திருக்கும். விசிறி ஓடத் தொடங்கியதும் மேற்புறத் துளைகளுக்கான குழாய்களில் நீர் மேலே ஏறும். இறக்கை தூக்கப்படுவதில் பெரும்பங்கு மேற்புற உறிஞ்சலுக்கு என்பதை அந்த நீர்மட்டங்கள் வரைந்து காட்டும். கோணத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் மேற்புற உறிஞ்சல் மளமளவென்று சரியும். காற்று இறக்கையை விட்டுப் பிரிந்துவிட்டது என்று பொருள். விமானத்தின் மரணக் கோணம் அதுதான். இந்தப் பிரிவை முதன்முதலில் விளக்கியவர் லுட்விக் பிராண்டல். அவர் மியூனிக்கில் படித்தது பொறி இயக்கவியல். படிப்பு முடிந்ததும் நியூரம்பர்க்கில் ஓர் இயந்திர ஆலையில் வேலை. உலோகச் சீவல்களை உறிஞ்சி அகற்றும் கருவியைத் திருத்தும் பணி அவருக்குத் தரப்பட்டது. விரிந்து செல்லும் குழாயில் காற்று சுவரை ஒட்டிப் போகாமல் ஏன் விலகுகிறது என்ற கேள்வி அங்கேதான் அவரைப் பிடித்தது. 1904-இல் ஹைடெல்பர்க் மாநாட்டில் எல்லைப் படலம் பற்றி அவர் படித்த சில பக்கக் கட்டுரை இன்றைய காற்றியக்கவியலுக்கு அடித்தளம். விமான அறிவியலின் தலையாய கருத்து ஒன்று, ஆலைத் தரையில் சீவல் அள்ளும் குழாயிலிருந்து வந்தது.

முதல் விமானங்களும் பட்டறைகளிலிருந்தே வந்தன. ரைட் சகோதரர்கள் மிதிவண்டிக் கடைக்காரர்கள். 1903-இல் பறந்த அவர்களுடைய விமானத்தின் எஞ்சினைக் கடையில் வேலை பார்த்த சார்லி டெய்லர் என்ற மெக்கானிக் லேத்திலும் துளைக்கருவியிலும் கடைந்து எடுத்தார். விசிறிகளுக்கு விசையைக் கொண்டுபோனது சங்கிலி. நம் சென்னையிலும் அப்படித்தான். 1910-இல் டி ஏஞ்சலிஸ் என்ற ஓட்டல்காரர் தாமே வடிவமைத்த விமானத்தைச் செய்து கொடுத்தது குதிரை வண்டிகளும் மோட்டார் வண்டிகளும் கட்டிய சிம்ப்சன் பட்டறை. அதைப் பறக்கவிட்டுப் பார்த்தது பல்லாவரத்தில்.

அப்படியானால் இரண்டு படிப்புக்கும் உண்மையான வேறுபாடு எங்கே? எடையில். லிஃப்டைத் தூக்கும் எஃகுக் கயிறு, தாங்க வேண்டிய சுமையைப் போல் பத்து மடங்கு தாங்கும்படி செய்யப்படுகிறது. தரையில் நிற்கும் எந்திரத்துக்குச் சந்தேகம் வந்தால் இன்னும் கொஞ்சம் இரும்பைச் சேர்த்துவிடலாம். பயணிகள் விமானத்தின் கட்டமைப்புக்கோ, பறப்பில் வரக்கூடிய உச்சச் சுமையைப் போல் ஒன்றரை மடங்கு தாங்கினால் போதும் என்பதே உலகெங்கும் உள்ள விதி. அதற்கு மேல் சேர்த்தால் விமானம் பாதுகாப்பாகத் தரையிலேயே நிற்கும். பத்துக்கும் ஒன்றரைக்கும் உள்ள இந்த இடைவெளியை நிரப்புவது அறிவு மட்டுமே. சுமையை இன்னும் துல்லியமாகக் கணிக்க வேண்டும், பொருளை இன்னும் கண்டிப்பாகச் சோதிக்க வேண்டும், ஒவ்வொரு ஆணியையும் இன்னும் கவனமாக அடிக்க வேண்டும். ஆகவே மெக்கானிக்கலைத் தவிர்ப்பதற்கான வழியாக ஏரோவைப் பார்ப்பது தலைகீழான பார்வை. மெக்கானிக்கலில் தளர்வு இல்லாத பகுதிதான் ஏரோ.

இந்த அறிவை மறந்தபோது என்ன நடந்தது என்பதற்கு வரலாறு சாட்சி. 1842-இல் வெர்சாய் அருகே ரயில் எஞ்சினின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். தாங்கக்கூடிய சுமைதான், ஆனால் திரும்பத் திரும்ப ஏறியிறங்கினால் உலோகம் களைத்து முறியும் என்பதை ஜெர்மானிய ரயில்வேப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் பல ஆண்டுச் சோதனைகளால் நிறுவினார். பல பத்தாண்டுகளாக ரயில் அச்சு செய்பவர்கள் அறிந்திருந்த பாடம் இது. 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் காமெட் ஜெட் விமானங்கள் இரண்டு நடுவானில் சிதறி மத்தியதரைக் கடலில் விழுந்தன. பிரிட்டனின் ஃபார்ன்பரோ ஆய்வகத்தில் ஒரு காமெட்டை நீர்த்தொட்டிக்குள் வைத்து, உள்ளே அழுத்தத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தார்கள். ஏற்கெனவே பறந்த பறப்புகளையும் சேர்த்து 3,057 சுற்றில் உடற்கூடு கிழிந்தது. திறப்பின் மூலையில் தகைவு குவிந்து, அங்கிருந்து விரிசல் ஓடியிருந்தது. அந்த விமானம் கடலில் விழக் காரணம் அதன் காற்றியக்க வடிவம் அல்ல. அது தோற்றது அச்சுக்கும் ஆணித்துளைக்கும் உரிய பாடத்தில்.

நம் நாட்டின் அனுபவம் இன்னும் தெளிவான சாட்சி. கர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரில் உருவான மாருத் போர் விமானம் 1961 ஜூன் 17-இல் பறந்தது. அதன் வடிவத்தைப் பாராட்டாதவர் இல்லை. ஆனால் நினைத்த வேகத்துக்குரிய எஞ்சின் கடைசிவரை கிடைக்கவில்லை. தேஜஸ் போர் விமானம் 2001 ஜனவரி 4-இல் பறந்தபோது அதற்குள் இருந்தது அமெரிக்க எஞ்சின். அதற்காக 1989-இல் தொடங்கிய காவிரி எஞ்சின் எதிர்பார்த்த உந்துவிசையை எட்டாததால், 2008-இல் தேஜஸ் திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. இறக்கை வரையத் தெரிந்தவர்களுக்கு இங்கே என்றும் பஞ்சம் இருந்ததில்லை. பஞ்சம், உலோகம் உருகும் வெப்பத்தைவிடச் சூடான வாயுவில் சுழன்றும் உருகாத டர்பைன் அலகை வார்ப்பதில். அந்த அலகை வார்ப்பது மெழுகு வார்ப்பு முறையில். சுவாமிமலையில் ஸ்தபதிகள் ஐம்பொன் சிலை வார்க்கும் அதே முறை, மெழுகில் உருச்செய்து, மேலே பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகம் ஊற்றுவது. முறையை ஆயிரம் ஆண்டுகளாக அறிந்த மண்ணில், அலகை ஒற்றைப் படிகமாக உறையவைக்கும் நுட்பமும், அதற்குள் குளிர்காற்று ஓடும் நுண்வழிகளும்தான் எட்டாமல் போயின. இது உற்பத்தியியல், உலோகவியல். மெக்கானிக்கல் மாணவன் தேர்வுக்காக மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு மறக்கும் பாடங்கள்.

அதே பாடங்களைக் கண்டிப்பாகப் பிடித்துக்கொண்டபோது வெற்றி வந்ததையும் பார்த்திருக்கிறோம். 2010 ஏப்ரல் 15-இல் இந்தியக் கிரையோஜெனிக் எஞ்சினோடு கிளம்பிய ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் தோற்றது. திரவ ஹைட்ரஜனை அனுப்பும் துணைப் பம்பு ஓடத் தொடங்கிச் சில கணங்களில் நின்றுவிட்டது. மைனஸ் 253 டிகிரி குளிரில் பேரிங் ஓரளவு சுருங்கும், அதைச் சூழ்ந்த கூடு வேறளவு சுருங்கும். அந்த இடைவெளிக் கணக்கைத் திருத்தி, பம்பை மறுபடி வடிவமைத்து, மகேந்திரகிரியில் சோதித்து, 2014 ஜனவரி 5-இல் ஏவியபோது ராக்கெட் வென்றது. சூடானால் விரியும், குளிர்ந்தால் சுருங்கும், ஆகவே இடைவெளி விடு என்பது இரண்டாம் ஆண்டு இயந்திர வடிவமைப்பு வகுப்பின் பாடம்.

இந்தத் துறையில் தலைமைக்கு வந்தவர்களின் படிப்பும் இதையே காட்டுகிறது. இஸ்ரோவை உருவாக்கியவர்களில் ஒருவரான சதீஷ் தவன் லாகூரில் இயந்திரப் பொறியியல் முடித்துவிட்டுத்தான் அமெரிக்காவில் விமானவியலுக்குப் போனார். இஸ்ரோவின் முன்னாள் தலைவர் சோமநாத் படித்தது கொல்லத்தில் மெக்கானிக்கல், பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் விண்வெளிப் பொறியியல். 2025-இல் தலைவரான வி. நாராயணன் குமரி மாவட்டத்துக்காரர். மெக்கானிக்கல் டிப்ளமோவில் தொடங்கி கரக்பூர் ஐ.ஐ.டி.க்குப் போனவர். 2023 ஆகஸ்ட் 23-இல் நிலவில் இறங்கிய சந்திரயான்-3-இன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்தில் மெக்கானிக்கல் டிப்ளமோவும், தாம்பரம் பக்கத்துக் கல்லூரியில் மெக்கானிக்கல் பட்டமும் பெற்றவர். கலாமும் இஸ்ரோவின் இன்னொரு முன்னாள் தலைவர் சிவனும் எம்.ஐ.டி.யில் நேராக விமானப் பொறியியல் படித்தவர்கள் என்பதும் உண்மை. இரு வழியும் ஒரே இடத்துக்குப் போகின்றன என்பதே இதன் பொருள்.

இங்கே ஓர் எதிர்க்கேள்வி நியாயமாகவே எழும். மெக்கானிக்கலே போதுமென்றால் விமானப் பொறியியல் என்று தனிப் பட்டம் எதற்கு? போதும் என்று நான் சொல்லவில்லை. ஒலியை மிஞ்சிய வேகத்தில் காற்று நடந்துகொள்ளும் விதம், விமானத்தின் நிலைப்பும் கட்டுப்பாடும், காற்று மோத மோத இறக்கை துடித்து ஒடியும் அபாயம், மெல்லிய தகடுகளால் ஆன கட்டமைப்பின் மடிவு ஆகியவற்றைப் போகிற போக்கில் கற்க முடியாது. அவற்றுக்குத் தனி ஆசிரியர், தனி ஆய்வகம், தனிப் பட்டம் வேண்டும். நான் மறுப்பது, அடித்தளப் பாடங்களைச் சுருக்கிவிட்டு, விமானத்தின் உறுப்புகளுக்குப் பெயர் சொல்லத் தெரிந்தவுடன் பட்டம் கொடுக்கும் போக்கை. அப்படிப் படித்தவர் விமானத் தொழிலிலும் நிற்க முடியாது, வெளியிலும் நிற்க முடியாது.

வேலை எங்கே என்பது பெற்றோரின் கேள்வி. விமானத் தொழிலில் நேரடி வேலைகள் இங்கே குறைவு, ஏரோ முடித்தவர்களில் பலர் மென்பொருள் நிறுவனங்களுக்குப் போகிறார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. 2019-இல் தொடங்கிய பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னையும் ஒரு முனை. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் விண்வெளித் தொழில் பூங்கா இருக்கிறது. ஆனால் இவற்றை மட்டும் நம்பிச் சேருங்கள் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். நான் சொல்வது வேறு. ஆவடியில் டாங்கி வடிவமைக்கும் அதே நிறுவனம்தான் தேஜஸின் துணைக்கருவிகளை ஓட்டும் கியர் பெட்டியையும், ருஸ்தம் ஆளில்லா விமானத்தின் உள்ளிழுத்துக்கொள்ளும் சக்கர அமைப்பையும் உருவாக்கியது. பல்சக்கரமும் ஹைட்ராலிக்கும் தெரிந்தவர்களுக்கு டாங்கியிலிருந்து விமானத்துக்குப் போவது கரையான்சாவடியிலிருந்து ஆவடிக்குப் போகும் தூரம்தான். அடித்தளம் உள்ளவருக்கு வேலைச் சந்தை சுருங்கினாலும் வழி அடைபடாது.

கணினிதான் எல்லாம் செய்கிறதே, அரத்தைப் பிடித்து என்ன பயன் என்பது இன்றைய மாணவரின் கேள்வி. காற்றோட்டத்தையும் தகைவையும் கணிக்கும் மென்பொருள்கள் மிகப் பெரிய வரம். ஆனால் எந்த முனை இறுகப் பிடிக்கப்பட்டிருக்கிறது, எது அசையும், சுமை எங்கே விழுகிறது என்பதை மென்பொருளுக்குச் சொல்ல வேண்டியவர் நாம். தவறாகச் சொன்னாலும் அது வண்ண வண்ணமாக ஒரு விடையைக் காட்டத்தான் செய்யும். அந்த விடை நம்பத்தக்கதா என்று ஒரு தாளில் கைக்கணக்குப் போட்டுப் பார்க்கவும், முறிந்த உலோகத்தின் முகத்தைப் பார்த்துக் காரணம் சொல்லவும் தெரிந்தவர் கையில்தான் மென்பொருள் கருவியாகும்.

கடைசியாக, எங்கள் கல்லூரியில் ஆய்வகமே சரியில்லை, தேர்வுக்குரிய வினா விடைதான் பாடம் என்று சொல்லும் மாணவர்கள் உண்டு. அந்தக் குறை உண்மையானது. கல்லூரிகள் அதைத் தீர்த்தே ஆக வேண்டும். ஆனால் இப்பகுதி மாணவருக்கு உள்ள வாய்ப்பு நாட்டில் பலருக்கு இல்லை. வார்ப்பு, கடைசல், வெப்பப் பதப்படுத்தல், பற்றவைப்பு, அளவுச் சோதனை என்று பாடத்திட்டத்தின் ஒவ்வோர் அலகும் அம்பத்தூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவில் ஏதோ ஒரு கொட்டகையில் தினமும் நடந்துகொண்டிருக்கிறது. விடுமுறையில் சான்றிதழுக்காகப் பயிற்சி வாங்காமல், ஒரு டர்னரின் அருகே நின்று அவர் ஏன் அந்த வேகத்தை வைக்கிறார், ஏன் அந்த டூலைத் தீட்டுகிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அவரை அண்ணே என்று அழைத்து மரியாதையோடு கேட்டால், பெரும்பாலானோர் மனமுவந்து சொல்லித் தருவார்கள்.

ஆகவே கவுன்சலிங்கில் உட்காரப் போகும் தம்பி தங்கைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் நான் சொல்வது இது. கட்-ஆஃப் எந்தப் பிரிவைக் கொடுத்தாலும் கலங்க வேண்டாம். ஏரோ கிடைத்தால் பொருள்களின் வலிமை, வெப்ப இயக்கவியல், உற்பத்தியியல் மூன்றையும் மெக்கானிக்கல் மாணவனுக்கு நிகராகப் படியுங்கள். மெக் கிடைத்தால் காற்றியக்கத்தை விருப்பப் பாடமாக எடுத்துக்கொண்டு, மேற்படிப்பில் விமானத்துக்குப் போங்கள். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். பட்டறைக்குள் போய், அங்குள்ள லேத்துகள் ஓடுகின்றனவா, அவற்றில் மாணவர்கள் நிற்கிறார்களா என்று பாருங்கள். ஓடாத லேத் உள்ள கல்லூரியில் எந்தப் பிரிவிலும் சேர வேண்டாம்.